எஞ்சினின் குரல் கேட்ட ரிக்கார்டோ

மோட்டார் கார் ஒன்றின் எஞ்சினைச் சிறு கணிப்பொறி ஒன்று அமர்ந்து ஆட்சி செய்கிறது என்றால் வியப்பாக இல்லையா? எவ்வளவு பெட்ரோலைத் தெளிப்பது, எந்தக் கணத்தில் தீப்பொறியை எழுப்புவது, எவ்வளவு காற்றை உள்ளே திணிப்பது என்பனவற்றையெல்லாம் அக்கணிப்பொறியே முடிவு செய்கிறது. தன் நினைவில் பதிந்துள்ள எண் அட்டவணைகளைப் பார்த்து அது கட்டளையிடுகிறது. டர்போ பொருத்திய கார் வைத்திருப்போர் சிலர், அந்த அட்டவணைகளில் உள்ள எண்களை மாற்றி மேலும் குதிரைத்திறன் பெற முயல்கின்றனர். இதனையே ட்யூனிங் என்பர். எண்ணை மாற்றுவது எளிது. எந்த எண்ணோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அறிவதுதான் அரிது. அந்த எல்லைக்கோட்டை ஆராய்ந்து காட்டிய பெருமக்களுள் தலையாயவர் சர் ஹாரி ரிக்கார்டோ.

ரிக்கார்டோ என்றதும் பொருளாதாரம் பயிலும் நம் மாணவர்களுக்கு டேவிட் ரிக்கார்டோவின் நினைவு வரக்கூடும். அது பொருத்தமே. அந்தப் பொருளாதார மேதையின் உடன்பிறந்தார் ஒருவரின் வழியில் வந்தவரே நம் ஹாரி. அவர் 1885-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26-ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை ஹால்சி ரிக்கார்டோ புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். கொல்கத்தா செல்வோரை வரவேற்கும் ஹௌரா ரயில் நிலையத்தின் கம்பீரமான கட்டடம் அவர் வரைந்த திட்டப்படி எழுந்ததே. தாய்வழிப் பாட்டனார் அலெக்சாண்டர் ரெண்டல், இந்திய ரயில்வேக்களுக்குப் பணிபுரிந்த பெரும் பொறியாளர். இத்தகைய குடும்பத்தில் பிறந்த சிறுவனுக்குக் கருவிகளின்மீது காதல் பிறந்ததில் வியப்பேது?

ரக்பி பள்ளியில் பயின்றபின், 1903-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். அங்கு மாணவர்களின் மோட்டார் சங்கம் ஒரு போட்டி வைத்தது. ஒரு குவார்ட், அதாவது ஏறத்தாழ 1.14 லிட்டர் பெட்ரோலைக் கொண்டு யார் அதிகத் தொலைவு செல்வது என்பதே போட்டி. தம் மோட்டார் சைக்கிளில் ஏறத்தாழ 40 மைல் ஓட்டி வெற்றி பெற்றார் ஹாரி. இச்செய்தி பேராசிரியர் பெர்ட்ராம் ஹாப்கின்சனின் கவனத்தை ஈர்த்தது. அவர் இம்மாணவரை எஞ்சின் ஆராய்ச்சியில் ஈடுபடுத்தினார். நல்லாசிரியர் ஒருவரின் பார்வை மாணவன் ஒருவனின் வாழ்க்கையையே திருப்பிவிடுகிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அக்காலத்து எஞ்சின்களுக்கு ஒரு நோய் இருந்தது. திறனைக் கூட்ட வேண்டுமானால் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உருளைக்குள் மேலும் இறுக்கி அமுக்க வேண்டும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் அமுக்கினால், உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோன்ற ஓசை எழும். மெக்கானிக்குகள் இதனை நாக்கிங் என்பர். அவ்வோசை நீடித்தால் பிஸ்டன் உருகித் துளைபடும், எஞ்சினே பாழாகும். தீப்பொறி எழும் முன்னரே சூடான உலோகம் ஏதோ கலவையைப் பற்றவைத்து விடுகிறது என்பதே அந்நாளில் பலரும் சொன்ன காரணம்.

ரிக்கார்டோ அதனை ஏற்கவில்லை, தாமே ஆராய்ந்தார். தீப்பொறி உரிய கணத்தில்தான் எழுகிறது. அதிலிருந்து தீ அலைபோலப் பரவுகிறது. எரிந்த பகுதி விரிந்து, இன்னும் எரியாத கடைசிப் பகுதியை நெருக்குகிறது. நெருக்கத்தால் சூடு ஏறுகிறது. தீ வந்து சேருமுன்பே அக்கடைசிப் பகுதி தானாகவே ஒரே கணத்தில் வெடித்துவிடுகிறது. அதுவே அந்தச் சுத்தியல் ஓசை! நோயின் மூலம் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. தீ செல்லும் தொலைவு குறைய எரியறை கச்சிதமாக இருக்க வேண்டும். தீ விரைந்து பரவக் கலவை உள்ளே சுழன்று கொந்தளிக்க வேண்டும். எரிபொருளும் எளிதில் தானாக வெடிக்காததாக அமைய வேண்டும்.

முதல் உலகப் போர் அவருடைய அறிவுக்குச் சோதனையாக வந்தது. 1916-ல் களமிறங்கிய பிரிட்டிஷ் டாங்கிகளின் எஞ்சின்கள் எண்ணெயை எரித்துப் புகை கக்கின. அப்புகையே, டாங்கி நிற்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தது. உள்ளே இருப்போரின் உயிர் எஞ்சினின் புகையைப் பொறுத்திருந்தது! நல்ல பெட்ரோலோ விமானங்களுக்கே போய்விடும். டாங்கிக்குக் கிட்டியது மட்டமான பெட்ரோல்தான். இந்நிலையில் ரிக்கார்டோ 150 குதிரைத்திறன் கொண்ட புகையற்ற எஞ்சினை வடிவமைத்துக் கொடுத்தார். அது ஆயிரக்கணக்கில் உற்பத்தியாயிற்று.

எரிபொருளைப்பற்றிய அவருடைய ஆராய்ச்சியில் சுவையான செய்தி ஒன்றுண்டு. அந்நாளில் பெட்ரோலின் தரத்தை அதன் அடர்த்தியைக் கொண்டே மதிப்பிட்டனர். போர்னியோவில் கிடைத்த ஒருவகைப் பெட்ரோல் அடர்த்தி மிகுந்தது என்பதால், பயனற்றதென ஒதுக்கி எரிக்கப்பட்டு வந்தது. ரிக்கார்டோ அதனை எஞ்சினில் ஊற்றிச் சோதித்தார். நாக்கிங்கைத் தாங்குவதில் அது மற்றவற்றை விஞ்சி நின்றது! தவறான அளவுகோலால் அளந்தால் மாணிக்கமும் கூழாங்கல்லாகவே தோன்றும் அல்லவா?

எனவே சரியான அளவுகோல் ஒன்றை உருவாக்க முனைந்தார். போர் முடிந்ததும் ஷோரம் என்னும் கடற்கரையூரில் அவரது ஆய்வுக்கூடம் அமைந்தது. டிசார்ட், பை என்னும் அறிஞர் இருவர் துணைநின்றனர். ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்கத்தின் அளவை மாற்றக்கூடிய அற்புத எஞ்சின் ஒன்று அங்கு உருவாயிற்று. அமுக்கத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, எந்த இடத்தில் நாக்கிங் தொடங்குகிறது என்று ஒவ்வோர் எரிபொருளுக்கும் குறித்தார்கள். டொலுவீன் என்னும் பொருள் நாக்கிங்கை நன்கு தாங்குவதால், அதனையே அளவாகக் கொண்டு எரிபொருள்களைத் தரப்படுத்தினார்கள். பின்னர், 1920-களின் பிற்பகுதியில் வந்த ஆக்டேன் எண்ணுக்கு முன்னோடி இதுவே.

பெட்ரோல் எஞ்சினோடு அவர் நின்றுவிடவில்லை. 1931-ல் அவர் படைத்த காமெட் எரியறை, லண்டன் பஸ்களின் டீசல் எஞ்சின்களுக்குப் புதுவாழ்வு தந்தது. 1929-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவியும், 1948-ல் சர் பட்டமும் அவரைத் தேடிவந்தன. 1974-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள், தம் 89-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் மறைந்த சில ஆண்டுகளில் டர்போ கார்கள் சாலைகளில் பெருகின. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அச்சக்கரம் காற்றை அமுக்கி உருளைக்குள் திணிப்பதே டர்போ. மிகுந்த காற்று, மிகுந்த பெட்ரோல், மிகுந்த திறன்! ஆனால் அமுக்கிய காற்று சூடேறும். சூடேறினால் ரிக்கார்டோ கண்ட அதே சுத்தியல் ஓசை விரைந்து எழும். இங்குதான் கணிப்பொறி உதவுகிறது. வழக்கமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று போதும். காற்று மிகுதியாகத் திணிக்கப்படும் வேளையில் அதனை ஏறத்தாழ 12 பங்காக்கி, மிகைப் பெட்ரோலால் கலவையைக் குளிர்விக்கிறது. தீப்பொறியையும் சில பாகைகள் பிந்தி எழுப்புகிறது. நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் எஞ்சினில் ஒரு பாகை என்பது ஒரு விநாடியில் 18,000-ல் ஒரு பங்கு நேரமே!

அதுமட்டுமன்று. எஞ்சினின் உடலில் பொருத்திய சிறு உணர்கருவி ஒன்று, நாக்கிங்கின் அதிர்வைக் காதுபோலக் கேட்டு மின்குறிப்பாக்கி அனுப்புகிறது. உடனே கணிப்பொறி தீப்பொறியைப் பின்தள்ளுகிறது. தேவையானால் டர்போவின் அழுத்தத்தையும் தணிக்கிறது. சாப் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலேயே இத்தகைய ஏற்பாட்டைத் தன் டர்போ கார்களில் அமைத்தது. ஷோரம் ஆய்வுக்கூடத்தில் செவிகொடுத்துக் கேட்ட அதே ஒலியை இன்று கருவி கேட்கிறது, வேறுபாடு அவ்வளவே.

ட்யூனிங் செய்வோர் பலர் தவறுவதும் இங்கேதான். திறனைக் கூட்டும் ஆசையில் அழுத்தத்தை ஏற்றுவர்; தீப்பொறியை முந்தவைப்பர்; நாக்கிங் எச்சரிக்கையைத் தொல்லையெனக் கருதி அதன் உணர்வை மட்டுப்படுத்துவோரும் உண்டு. காவற்காரனின் வாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பானது இது. முதல் நாள் கார் பறக்கும். பின்னொருநாள் பிஸ்டன் உடையும். தேர்ந்தவரோ ஒவ்வோர் எண்ணையும் சிறிது மாற்றி, ஓட்டிப் பார்த்து, ஓசை கேட்டு, எல்லைக்குச் சற்று முன்னரே நின்றுவிடுவார்.

ரிக்கார்டோவின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடமும் இதுவே. எவ்வளவு கூட்டலாம் என்று கேட்கும் முன், எவ்வளவு தாங்கும் என்று அவர் கேட்டார். எஞ்சினின் முனகலைப் பகையாகக் கருதாமல், அது சொல்ல வந்த செய்தியாகக் கொண்டு செவிமடுத்தார். அந்தப் பொறுமையே அவரை மேதையாக்கியது.