வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல்

பெயரில் வக்கீல், தொழிலில் வைத்தியர். பம்பாயிலே பார்சிக் குடும்பமொன்றில் 1911 ஆம் ஆண்டு பிறந்த ருஸ்தம் ஜால் வக்கீல், இலண்டன் மாநகரில் வைத்தியம் பயின்று தாயகம் மீண்டு, பம்பாய் எட்வேட் மன்னர் ஞாபகார்த்த வைத்தியசாலையில் இருதய நோயாளரைப் பராமரித்தார். உயர் குருதியமுக்கத்துக்கு நம்பத்தக்க மருந்து அந்நாளில் மேனாட்டு வைத்தியரிடமும் இருந்ததில்லை. உப்பைக் குறைக்கச் சொல்வர்; கருவாடின்றிச் சோறு இறங்காத வாவிக்கரையார் நமக்கு அதுவே பெருந்தண்டனை. நோய் முற்றியவர்க்கோ சத்திரசிகிச்சையால் நரம்புகளை அறுப்பர்.

நரம்பை அறுப்பானேன்? கழுத்து நாடியிலும் பெருநாடியின் வளைவிலும் அமுக்கத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அமுக்கம் ஏறியதும் அவை மூளையின் அடித்தண்டுக்குச் செய்தி விடுக்கும். மூளை பரிவு நரம்புகளின் ஏவலைத் தணிக்க, நாடிகள் விரிந்து, இருதயத் துடிப்பும் நிதானப்படும். அமுக்கம் தாழ்ந்தால் இதற்கு மாறாக நிகழும். பாயிலிருந்து எழும்போது நாம் மயங்கி விழாதது இதனாலேயே. ஆயின், அமுக்கம் நெடுங்காலம் உயர்ந்தே நிற்குமாயின், அவ்வுயர்வையே இயல்பெனக் கொண்டு அம்முனைகள் பழகிவிடுகின்றன. காவற்காரன் கள்வனோடு உறவு கொண்டாற் போன்றது அந்நிலை. நோவு இல்லாமையால் வீட்டுக்காரனும் விழிப்பதில்லை.

அந்நரம்புகளைக் கத்தியின்றி அடக்கும் வேரொன்று நம்மவரிடம் முன்னரே இருந்தது. ஆயுள்வேதியர் அதனைச் சர்ப்பகந்தா என்பர். யூனானி ஹக்கீம்கள் அஸ்ரோல் என்பர். 1931 இல் டில்லியிலே சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்னும் இரசாயனவியலார் அவ்வேரின் சத்துக்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரால் அஜ்மலீன் எனப் பெயரிட்டார். அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் சென், போஸ் என்னும் இருவர், அவ்வேர் சித்தப்பிரமையையும் குருதியமுக்கத்தையும் தணிப்பதாக எழுதினர். எனினும் உலகம் செவிசாய்க்கவில்லை. பாட்டன் காலத்து மருந்து என்னும் புகழ்ச்சி ஒன்றே அதற்குப் போதாது.

வக்கீல் அளந்து காட்டினார். நோயாளர் ஐம்பதின்மருக்கு நான்கு வாரம் அவ்வேரின் மாத்திரைகளைக் கொடுத்து, அமுக்கத்தைப் பலமுறை குறித்து, 1949 இல் பிரித்தானிய இருதயவியற் சஞ்சிகையில் முடிவை வெளியிட்டார். பெரும்பாலாருக்கு அமுக்கம் இறங்கியிருந்தது. அதனை வாசித்த பொஸ்டன் நகர வைத்தியர் வில்கின்ஸ் தம் நோயாளரிடத்தும் பரிசோதித்தார். 1952 இல் சுவிற்சலாந்தில் ரெசர்ப்பீன் என்னும் சத்துப் பிரித்தெடுக்கப்பட்டது. பரிவு நரம்பின் முனையிலே சேமிக்கப்பட்டுள்ள நோரதிரனலீனை அது வெறுமையாக்கிவிடுகிறது. ஏவல் வந்தாலும் நாடியை இறுக்கக் கையிருப்பு இராது.

மூளையையும் அது விட்டுவைக்கவில்லை. அதிக அளவில் உண்டோர் சிலரை ஆழ்ந்த மனச்சோர்வு பற்றியது. இன்று வேறு மருந்துகள் அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துள்ளன. ஆயினும், மூளையின் இரசாயனங்களை ஆராய்ந்த சுவீடன் அறிஞர் கார்ல்சனுக்கு வழிதிறந்ததும் இந்த ரெசர்ப்பீனே.

1957 இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசும், அடுத்த ஆண்டில் பாரத அரசின் பத்மபூஷண் விருதும் வக்கீலை அடைந்தன. 1974 இல் அவர் காலமானார்.