5 வயது வரை பேசாதவர், மழலையின் மாதங்களைப் பாடினார்: யார் இந்தக் குமரகுருபரர்?

17ஆம் நூற்றாண்டு. தாமிரபரணிக் கரையில் உள்ள ஸ்ரீவைகுண்டம். சண்முகசிகாமணிக் கவிராயர், சிவகாமசுந்தரி தம்பதிக்குப் பிறந்த ஆண் குழந்தைக்கு 5 வயதாகியும் பேச்சே வரவில்லை. கவிராயர் வீட்டுப் பிள்ளைக்கு இப்படியா என்று பெற்றோர் தவித்துப்போனார்கள். திருச்செந்தூர் முருகன் சன்னதிக்குத் தூக்கிச் சென்றார்கள். அங்கே வாய் திறந்த சிறுவன், கந்தர் கலிவெண்பா பாடினான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் நம்பிக்கை.

அந்தச் சிறுவன்தான் குமரகுருபரர். பின்னாளில் மதுரையில், திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார்.

பிள்ளைத்தமிழ் என்றால் என்ன?

தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக வைத்துப் பாடும் நூல். இதில் 10 பருவங்கள் உண்டு. 3ஆம் மாதம் காப்பு. 5ஆம் மாதம் செங்கீரை: கைகளைத் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆட்டும் பருவம். 7ஆம் மாதம் தாலாட்டு கேட்கும் தால். 9ஆம் மாதம் கைதட்டும் சப்பாணி. 11ஆம் மாதம் முத்தம். அடுத்தது தளர்நடை போட்டு வரும் வருகை.

இன்றைய மருத்துவக் கணக்கும் ஏறக்குறைய இதே வரிசைதான். சுமார் 2 மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும். 4 மாதத்தில் கழுத்து நிற்கும். 6 மாதத்தையொட்டிக் குப்புற விழும். ஒன்றிரண்டு மாதம் முன்னே பின்னே ஆகலாம்.

காசியில் என்ன செய்தார்?

தருமபுரம் ஆதீனம் மாசிலாமணி தேசிகரைக் குருவாக ஏற்ற குமரகுருபரர், அவர் சொற்படி காசிக்குப் போனார். இந்துஸ்தானி மொழி கைவர வேண்டி, சகலகலாவல்லி மாலை பாடினார் என்பார்கள். அங்கே மடமும் நிறுவினார். அந்த மரபு இன்று திருப்பனந்தாள் காசி மடமாகத் தொடர்கிறது.

அப்படியானால் காத்திருக்கலாமா?

கூடாது. லேட்டாப் பேசினாலும் தானாச் சரியாகிடும்னு சொல்வதற்கு, இவர் கதையை உதாரணம் காட்டுபவர்கள் உண்டு. ஆனால் அவருடைய பெற்றோரே சும்மா இருக்கவில்லை. திடீர்ச் சத்தத்துக்குக் குழந்தை திடுக்கிடவில்லை, ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தைகூட இல்லை என்றால், முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். குருபரப்பள்ளி போன்ற எல்லையோர ஊர்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என வீட்டில் பல மொழி புழங்கும். அதனால்தான் பேச்சு வரவில்லை என்று தள்ளிப்போட வேண்டாம். பல மொழி கேட்பது பேச்சைத் தடுக்காது. தாமதம்தான் தடுக்கும்.