ராத்திரியில் மட்டும் வெளியே வரும் புழு... விடாமல் துரத்திய டாக்டர் மான்சன்!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறீர்களா? ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சுகாதாரத் துறை ஊழியர் கதவைத் தட்டி, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் வேண்டும் என்று கேட்டால் என்ன தோணும்? நல்லாத்தானே இருக்கோம், எதுக்கு டெஸ்ட்? அதுவும் இந்த நேரத்துலயா? இதுதானே?

இந்த இரண்டு கேள்விக்கும் பதில், கிட்டத்தட்ட 150 வருடங்களுக்கு முன்பு சீனாவின் ஒரு துறைமுகத்தில் கிடைத்தது. கண்டுபிடித்தவர் பேட்ரிக் மான்சன்.

ஸ்காட்லாந்தின் அபெர்டீன் அருகே 1844-ல் பிறந்தவர். மருத்துவம் படித்து முடித்ததும் 1866-ல் தைவானுக்குக் கப்பல் ஏறினார். சீன சுங்கத் துறையில் டாக்டர் வேலை. 1871-ல் அமோய் துறைமுகத்துக்கு மாறினார். இன்றைய சியாமென் நகரம்தான் அது. அங்கே அவரைத் தேடி வந்தவர்களில் பலருக்கு யானைக்கால் நோய். வீக்கத்தை வெட்டி எடுக்க அவருக்குத் தெரியும். அது ஏன் வருகிறது என்பதுதான் தெரியவில்லை.

1875-ல் லீவில் லண்டன் போனவர் நூலகத்தில் உட்கார்ந்து தேடினார். 1872-ல் நம்ம கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் என்ற டாக்டர், மனித ரத்தத்தில் நுண்ணிய புழுக்களைப் பார்த்திருந்த விஷயம் தெரியவந்தது. அமோய்க்குத் திரும்பியதும் மைக்ரோஸ்கோப்பும் கையுமாக ஊர்க்காரர்களின் ரத்தத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

அங்கேதான் முதல் ட்விஸ்ட். எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறவர்களின் ரத்தத்தில் புழுக்கள் நெளிந்தன. கால் வீங்கியவர்களிடமோ பெரும்பாலும் ஒன்றையும் காணோம்! வீக்கம் என்பது கதையின் கடைசி அத்தியாயம். தாய்ப்புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் வருடக்கணக்கில் குடியிருந்து, குட்டிகளை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். சுமப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

சரி, அடுத்தவருக்கு எப்படிப் போகிறது? மான்சனின் சந்தேகம் கொசு மேல். 1877-ல், ரத்தத்தில் புழு இருந்த தன் தோட்டக்காரர் ஹின் லோவைக் கொசுக்கள் இருந்த அறையில் தூங்க வைத்தார். மறுநாள் ரத்தம் குடித்த கொசுக்களைப் பிடித்து, தினமும் சிலவற்றை அறுத்துப் பார்த்தார். உள்ளே புழு வளர்ந்துகொண்டிருந்தது. மனித நோயின் ஒட்டுண்ணி ஒரு பூச்சிக்குள் வளர்வதை உலகுக்கு முதலில் காட்டியது இதுதான். அப்போது மான்சனுக்கு வயது 32. கடி வாங்கிய ஹின் லோவைப் பற்றி அவர் பெயரைத் தாண்டி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பதையும் சொல்லியாகணும்.

அடுத்த ட்விஸ்ட், நேரம். பகலில் பார்த்தால் கிடைக்காத புழுக்கள் ராத்திரியில் குவிந்தன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்து இதை உறுதி செய்தார். லண்டனில் சிலர் இதைக் கேட்டு, புழுக்கள் கையில் கடிகாரம் கட்டியிருக்கின்றனவா என்ற ரேஞ்சுக்குக் கிண்டலடித்தார்கள். ஆனால் விஷயம் உண்மை. பகலில் அவை நுரையீரலின் ரத்தக் குழாய்களில் ஒளிந்திருக்கும். கியூலெக்ஸ் கொசு கடிக்கும் ராத்திரி நேரத்தில்தான் தோலுக்கு அருகே வரும்.

மான்சன் சறுக்கிய இடமும் உண்டு. கொசு தண்ணீரில் செத்து, அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என நம்பினார். கொசுக்கடி வழியாகவே புழு உள்ளே போகிறது என்பது 1900-ல்தான் தெளிவானது.

1889-ல் ஊர் திரும்பினார். 1894-ல் லண்டனில் அவரைச் சந்தித்த ரொனால்ட் ராஸுக்கு மலேரியா கிருமியைக் காட்டி, கொசுவைத் தேடச் சொன்னார். ராஸ் 1897-ல் செகந்திராபாத்தில் அதைக் கண்டுபிடித்து, 1902-ல் நோபல் பரிசும் வாங்கினார். நிரூபணத்துக்காக 1900-ல் தன் சொந்த மகனையே மலேரியா கொசுக்களிடம் கடிபட வைத்தார் மான்சன். மகனுக்குக் காய்ச்சல் வந்து, குயினைனில் குணமானது. 1922-ல் மான்சன் மறைந்தார்.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா போன்ற மாநிலங்களில் யானைக்கால் நோய் இன்னும் முழுசாக ஒழியவில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டமும் இந்த நோய்க்குப் பேர் போனதுதான். திருவள்ளூர் அதிலிருந்து பிரிந்தது. எந்த ஊர்க்காரர் ரத்தத்தில் இருந்தாலும் புழுவுக்கு வித்தியாசம் தெரியாது. தேங்கிய சாக்கடையும் கியூலெக்ஸும் இருந்தால் போதும். அதனால் பக்கத்து ரூம் வடமாநில நண்பரைச் சந்தேகமாகப் பார்க்காமல், அவரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு டெஸ்ட்டுக்குப் போங்க.

ஒரு முக்கியமான விஷயம். தூக்க நேரம் மாறினால் புழுவின் நேரமும் மாறும் என்று 1881-லேயே லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி காட்டிவிட்டார். எனவே தொடர்ந்து நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர் என்றால், ரத்தம் எடுப்பவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். எந்த நேரத்திலும் செய்யக்கூடிய ஆன்டிஜென் டெஸ்ட்டும் இப்போது இருக்கிறது.

புழு இருப்பது தெரிந்தால் டி.இ.சி. மாத்திரை தருவார்கள். போட்டபின் காய்ச்சல், தலைவலி வரலாம். பெரும்பாலும் உள்ளே புழு சாவதன் அடையாளம்தான் அது. பயந்து பாதியில் விடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். ஒருமுறை வீங்கிய காலைப் பழையபடி ஆக்குவது ரொம்பக் கஷ்டம். வீங்குவதற்கு முன்னாடியே கண்டுபிடிக்க ஒரு சொட்டு ரத்தம் போதும். அடுத்த முறை ராத்திரியில் கதவு தட்டினால், தயங்காமல் விரலை நீட்டுங்க!