செடியின் நாடி பார்த்தவர்

மாணவர்களே! மழை ஓய்ந்த மாலையில் நம் தீவின் பள்ளித் திடலோரத்திலும் வேலியடியிலும் படர்ந்து கிடக்கும் ஒரு சிறு செடியை நீங்கள் நன்கு அறிவீர்கள். விரல் பட்டவுடன் அதன் சிற்றிலைகள் இணை இணையாக மூடிக்கொள்ளும்; காம்பும் தளர்ந்து தாழும். சிறிது நேரம் கழித்து அவை மீண்டும் விரியும். அதுவே தொட்டாற்சுருங்கி. நாம் விளையாட்டாகத் தொட்டுப் பார்க்கும் இச்செடியைத் தம் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார் ஓர் அறிஞர். அவரே ஜகதீச சந்திர போஸ். உங்களுடன் பயிலும் வங்காள நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். அப்பெயரை அறியாதவர் அரியர்.

இளமையும் தாய்மொழியும்

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்றைய வங்காள தேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசுப் பணியில் உயர் பொறுப்பு வகித்தவர். அத்தகையோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே அக்கால வழக்கம். ஆயினும் தந்தையார் மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். பிற மொழியைக் கற்பதற்கு முன் தாய்மொழியையும் தம் மக்களையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

அப்பள்ளியில் போசுக்கு ஒரு பக்கம் தந்தையின் ஏவலரான இசுலாமியரின் மகன் அமர்ந்திருந்தான். மறுபக்கம் மீனவர் மகன் அமர்ந்திருந்தான். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் கூறிய கதைகளைச் சிறுவன் வியப்புடன் கேட்டான். இயற்கையை ஆராயும் வேட்கை தம்முள் முளைத்தது அங்கேதான் என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

பின்னர்க் கல்கத்தாவின் தூய சவேரியார் கல்லூரியில் பயின்றார். மருத்துவம் கற்க இலண்டன் சென்றார். அங்குக் காய்ச்சல் அவரை விடாது வருத்தியது. பிணம் அறுக்கும் கூடத்தின் நாற்றம் நோயை மிகுவித்தது. ஆகவே மருத்துவத்தைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் கற்று 1884ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

ஊதியம் மறுத்த ஆசிரியர்

1885ஆம் ஆண்டில் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். ஐரோப்பியப் பேராசிரியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு அளிக்கப்பட்டது. போசின் பதவி தற்காலிகமானது என்று கூறி, அதிலும் பாதியே அவருக்கு ஒதுக்கினர். ஒரே பணிக்கு இருவேறு ஊதியமா? போஸ் சினந்து பேசவில்லை, பணியையும் விடவில்லை. நாள்தோறும் வகுப்பெடுத்தார், ஊதியத்தை மட்டும் தொட மறுத்தார். இவ்வாறு மூன்று ஆண்டுகள் கழிந்தன. இறுதியில் கல்லூரி இறங்கி வந்து, முழு ஊதியத்தையும் நிலுவையுடன் வழங்கியது. அத்தொகையைக் கொண்டு தந்தையாரின் கடனை அடைத்தார்.

அவ்வறுமைக் காலத்தில் உடன் நின்றவர் மனைவி அபலா. பெண்களுக்குக் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமையால், சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து சில ஆண்டுகள் பயின்றவர் அவர். 1887ஆம் ஆண்டில் போசை மணந்தார். பெண் கல்விக்காகப் பின்னாளில் பெரும்பணி ஆற்றினார்.

தவளையும் செடியும்

போஸ் முதலில் ஆராய்ந்தது மின்காந்த அலைகளை. 1895ஆம் ஆண்டில், கம்பி ஏதுமின்றித் தொலைவிலிருந்த மணியை அலைகளால் ஒலிக்கச் செய்து காட்டினார். அலைகளை உணரும் அவருடைய கருவி, நெடுநேரம் உழைத்தபின் மந்தமாயிற்று. ஓய்வு கொடுத்ததும் மீண்டும் கூர்மை பெற்றது. உழைத்துக் களைத்த தசையும் இவ்வாறே அன்றோ நடந்துகொள்கிறது? இவ்வினா அவரை உயிரியலின் பக்கம் திருப்பியது.

நரம்பைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி ஆய்வுக்கூட விலங்குகள் வழியாகவே வந்தது. இத்தாலி நாட்டுக் கால்வானி, மின்சாரம் பட்ட தவளைக் கால் துடிப்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கண்டார். தவளையின் நரம்பில் தூண்டல் நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் செல்கிறது என்று செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850ஆம் ஆண்டில் அளந்தார். விலங்குகளில் கண்ட இம்மின் தூண்டல் செடிகளிலும் உண்டா என்று போஸ் தேடினார்.

தவளையின் தசையையும் செடியின் காம்பையும் ஒரே முறையில் தூண்டி, எழுந்த மின் மாற்றங்களைக் கோடுகளாகப் பதிவு செய்தார். அக்கோடுகள் வியப்பூட்டும் வகையில் ஒத்திருந்தன. விலங்கை மயக்கும் குளோரோஃபார்ம் செடியின் துடிப்பையும் அடக்கியது. குளிர் அதனை மந்தமாக்கியது. தொட்டாற்சுருங்கி, தொழுகண்ணி போன்ற வெளிப்படையாக அசையும் செடிகள் மட்டுமல்ல, சாதாரணச் செடிகளும் தூண்டலுக்கு மின்விடை தருகின்றன என்று அவர் முடிவு செய்தார்.

ஒரு சொல்லுக்காக

1901ஆம் ஆண்டு சூன் மாதம் இம்முடிவை இலண்டன் இராயல் கழகத்தில் எடுத்துரைத்தார். உடலியங்கியலில் பெரும்புகழ் பெற்றிருந்த பர்டன் சாண்டர்சன் அதனை ஏற்கவில்லை. விலங்கின் உயிர்ச்செயலைக் குறிக்கும் சொல்லைச் செடிக்கு வழங்கலாகாது என்றும், தலைப்பை மாற்ற வேண்டும் என்றும் கூறினார். இணங்கியிருந்தால் கட்டுரை அச்சேறியிருக்கும். புகழும் எளிதில் வந்திருக்கும். தம் சோதனைகளில் பிழை இருந்தால் காட்டுங்கள், பிழை இல்லையெனில் சொல்லை மாற்றேன் என்பதே போசின் நிலை. கட்டுரை அச்சேறாமல் முடங்கியது. மறு ஆண்டில் இலின்னேயக் கழகம் அவருடைய ஆய்வை வெளியிட்டது. தம்மை மறுத்த அதே இராயல் கழகம் 1920ஆம் ஆண்டில் அவரை உறுப்பினராக ஏற்றது.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வாதாடிக் காலம் கழிக்கவில்லை, கருவிகள் செய்தார். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் குறிக்கும் பதிவுக் கருவியை உள்ளூர்க் கைவினைஞர் துணையுடன் உருவாக்கினார். செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியையும் அமைத்தார். 1917ஆம் ஆண்டு, தம் பிறந்தநாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார். 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிரிடியில் மறைந்தார்.

அவர் கூறிய அனைத்தும் நிலைத்தனவா? இல்லை. செடிக்கு விலங்கினைப் போன்ற நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. சாறு மேலேறும் விதம் பற்றிய அவர் கருத்தை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் செடியினுள் மின் தூண்டல் பாய்கிறது என்பது உறுதியாகிவிட்டது. தொட்டாற்சுருங்கியில் அத்தூண்டல் நொடிக்குச் சில சென்டிமீட்டர் அளவே செல்கிறது. காம்பின் அடியிலுள்ள புடைப்பில் நீர் இடம்பெயர, இலை மடிகிறது.

ஆய்வுக்கூட விலங்குகள் நமக்கு அறிவைத் தந்தன; அதற்கு அவை கொடுத்த விலை வலியும் உயிரும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்குச் சோதனைகளை இயன்றவரை தவிர்க்கவும், செய்ய நேரின் மயக்க மருந்து கொடுத்து வலியைக் குறைக்கவும் வழி வகுத்தது. உயிர்களுக்கிடையே நாம் கண்ட வேலி எவ்வளவு மெல்லியது என்று போசின் வரைகோடுகள் காட்டின. அறிவைத் தேடும் கை, தான் தொடும் உயிரை மதிக்கவும் கற்க வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

ஏவலர் – பணியாளர்
வேட்கை – மிகுந்த விருப்பம்
நிலுவை – கொடுபடாமல் நின்ற தொகை
உடலியங்கியல் – உடலின் செயல்களை ஆராயும் துறை
தூண்டல் – செயலை எழுப்பும் விசை

பயிற்சி

1. போசின் தந்தையார் மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தது ஏன்? வீட்டில் தமிழும் வெளியில் பிற மொழிகளும் பேசும் நீங்கள் அக்கொள்கையைப் பற்றி என்ன எண்ணுகிறீர்கள்?
2. ஊதியச் சிக்கலிலும் கட்டுரைச் சிக்கலிலும் போஸ் நடந்துகொண்ட முறையில் காணும் ஒற்றுமையை எழுதுக.
3. தவளையின் நரம்பையும் தொட்டாற்சுருங்கியையும் தூண்டல் செல்லும் வேகத்தால் ஒப்பிடுக.
4. செய்து பார்: தொட்டாற்சுருங்கியின் ஓர் இலையை மெல்லத் தொடுக. அது மீண்டும் விரிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்க. காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் கண்டதை அட்டவணையாக எழுதுக. செடியைப் பறிக்க வேண்டா.