எந்த நாட்டுக்குப் போவது?
இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பயணங்கள்

நம் வீடுகளில் ஒரு பிள்ளை சபருக்குக் கிளம்புகிறான் என்றால் முதலில் எழும் கேள்வி, எந்த நாடு என்பதுதான். நம் பாட்டன்மார் காலத்தில் கொழும்பா, ரங்கூனா, பினாங்கா, சைகோனா என்று கேட்டார்கள். பிறகு துபையா, குவைத்தா, சவூதியா என்று கேட்டோம். இப்போது இன்னும் தொலைவிலுள்ள நாடுகளின் பெயர்களும் அடிபடுகின்றன. அடுத்த கேள்வி, சம்பளம் எவ்வளவு என்பது. அதற்கடுத்தது விசா. இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் யாஸீன் ஓதி, துஆச் செய்து, பிள்ளையை அனுப்பி வைத்து விடுகிறோம்.

கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று மீதியிருக்கிறது. அந்த நாட்டில் என் மார்க்கத்துக்கு என்ன ஆகும், அந்த மக்களிடையே நான் எப்படிப்பட்டவனாக ஆவேன் என்பதே அது. இதற்கு விடை தேடுவோர், நம்மில் பலர் தொழுவதற்கும் நோன்பு நோற்பதற்கும் எவர்களின் மத்ஹபைப் பின்பற்றுகிறோமோ அந்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வாழ்க்கையைப் படித்தால் போதும். ஐம்பத்து நான்கு ஆண்டுகளே வாழ்ந்த அப்பெருமகனார் காஸா, மக்கா, மதீனா, யமன், இராக், எகிப்து என்று ஊர் ஊராகப் பெயர்ந்தவர்கள். அன்னாரின் கல்வியைப் பற்றி எழுதப் புகுந்தால் ஏடுகள் போதா. எனவே இங்கு நாம் அவர்களின் பயணங்களை மட்டுமே பார்க்கப் போகிறோம்.

தாயார் தேர்ந்த ஊர்

முஹம்மது இப்னு இத்ரீஸ் என்பது இமாமவர்களின் இயற்பெயர். ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) காஸாவில் பிறந்தார்கள் என்பதே புகழ்பெற்ற அறிவிப்பு. இன்று நாம் கண்ணீரோடு செய்தி கேட்கும் அதே காஸாதான். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் வஃபாத்தானதும் அதே ஆண்டில்தான். குழந்தைப் பருவத்திலேயே தந்தையார் இறந்து போனார்கள். கையில் பொருளில்லை. விதவையான தாயாரின் மடியில் ஒரு யத்தீம் பிள்ளை.

குழந்தைக்கு இரண்டு வயதானபோது அத்தாயார் ஒரு முடிவெடுத்தார்கள். பிள்ளையோ குறைஷிக் குலத்தைச் சேர்ந்தவன். அப்து மனாஃபில் நபி (ஸல்) அவர்களின் வமிசத்தோடு சேரும் வமிசம். தொலைவான ஊரில் கிடந்தால் அவனுடைய வேர் அவனுக்கே தெரியாமல் போய்விடும் என்று அஞ்சினார்கள். அவனுடைய சொந்த பந்தங்களும், தீனின் கல்வியும் எங்கே இருக்கின்றனவோ அங்கே அவனைக் கொண்டு சேர்க்க எண்ணினார்கள். மக்காவுக்குப் புறப்பட்டார்கள்.

மக்காவில் வசதி ஒன்றும் காத்திருக்கவில்லை. ஆசிரியருக்குக் கொடுக்கக் கூலி இல்லை. பிள்ளையின் கூர்மையைக் கண்ட ஆசிரியர், தாம் இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதையே கூலியாக ஏற்றுக்கொண்டார். எழுதத் தாள் வாங்க முடியாமல் எலும்புகளில் எழுதினார்கள். அலுவலகங்களில் எழுதிக் கழித்த தாள்களைக் கேட்டு வாங்கி அதன் மறுபுறத்தில் எழுதினார்கள். ஏழு வயதில் குர்ஆனை மனனம் செய்து முடித்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஏழ்மை மாறவில்லை, ஆனால் தாயார் எதை நாடி வந்தார்களோ அது கிடைத்தது.

கல்வி இழுத்த திசை

பின்னர் இமாமவர்கள் தாமே ஊர்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். தூய அரபு மொழிக்குப் பெயர்பெற்ற ஹுதைல் கோத்திரத்தாருடன் பாலைவனத்தில் தங்கி அவர்களின் மொழியையும் கவிதையையும் கற்றார்கள். மக்காவில் முஸ்லிம் இப்னு காலித் (ரஹ்), ஸுஃப்யான் இப்னு உயைனா (ரஹ்) போன்ற மேதைகளிடம் ஓதினார்கள். பிறகு மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முஅத்தாவை அவர்களிடமே ஓதுவதற்காகப் புறப்பட்டார்கள். போகுமுன்னரே அந்நூலை மனனம் செய்துகொண்டு போனார்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. போகும் இடத்துக்கு வேண்டிய தகுதியைப் போகுமுன் தேடிக்கொள்ளும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. ஹிஜ்ரி 179இல் (கி.பி. 795) இமாம் மாலிக் (ரஹ்) வஃபாத்தாகும்வரை அவர்களோடு தொடர்பு நீடித்தது.

சம்பளத்துக்காகப் போன ஊர்

இப்போது வருவது நம் வீடுகளுக்கு மிக நெருக்கமான கட்டம். வயது முப்பதை நெருங்குகிறது, வறுமை விடவில்லை. அப்போது யமனின் ஆளுநர் ஹிஜாஸுக்கு வந்திருந்தார். குறைஷிகள் சிலர் இமாமவர்களுக்காக அவரிடம் பேச, அவர் தம்மோடு அழைத்துச் செல்ல இசைந்தார். ஆனால் வழிச்செலவுக்குப் பணமில்லை. தாயாரின் வீட்டை அடகு வைத்தே அப்பயணம் நடந்தது. வீட்டை அடகு வைத்துப் பிள்ளையைச் சபருக்கு அனுப்பும் கதை நமக்குப் புதிதன்று. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாயாரும் அதைச் செய்தார்கள்.

நஜ்ரானில் அரசுப் பணி கிடைத்தது. அதை நேர்மையாகச் செய்தார்கள். அதிகாரிகளை முகஸ்துதியால் வளைத்துப் பழகிய சிலருக்கு இந்த அதிகாரியை வளைக்க முடியவில்லை. பகை வளர்ந்தது. அலீ (ரலி) அவர்களின் வழித்தோன்றல்களுக்கு ஆதரவாக ஆட்சிக்கு எதிராகச் சதி செய்கிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஹிஜ்ரி 184இல் (கி.பி. 800) விலங்கிடப்பட்டு, வேறு சிலரோடு கலீஃபா ஹாரூன் ரஷீதின் முன் நிறுத்தப்பட்டார்கள். உடன் வந்தவர்கள் கொல்லப்பட்டனர். இமாமவர்கள் தம் தரப்பை எடுத்துரைத்ததாலும், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரான முஹம்மது இப்னு ஹஸன் (ரஹ்) அவர்களின் நற்சொல்லாலும் உயிர் தப்பினார்கள்.

ஹலாலான சம்பாத்தியத்துக்காக ஊர் பெயர்வது பாவமென்று யாரும் இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. குடும்பத்துக்காக உழைப்பதும் இபாதத்தே. ஆனால் ஒன்றைக் காண்கிறோம். இமாமவர்களின் பயணங்களில், பிழைப்பை முதற்காரணமாகக் கொண்டு அமைந்த இந்த ஒன்றுதான் விலங்கில் போய் முடிந்தது. சம்பளம் தெரிந்திருந்தது, அந்த ஊரின் அதிகாரமும் பகையும் எப்படிப்பட்டவை என்பது போன பிறகே தெரிந்தது.

அல்லாஹ்வின் ஏற்பாடு, அந்த விலங்கிலேயே ஒரு நன்மை இருந்தது. எவருடைய நற்சொல் உயிர் காத்ததோ, அந்த முஹம்மது இப்னு ஹஸன் (ரஹ்) அவர்களிடமே அமர்ந்து இராக்கின் ஃபிக்ஹைக் கற்றார்கள். மதீனாவின் கல்வியும் இராக்கின் கல்வியும் ஒரே நெஞ்சில் சேர்ந்தன. அரசுப் பணியின் பக்கம் அவர்கள் திரும்பவில்லை. மக்காவுக்கு மீண்டு ஹரமில் பாடம் நடத்தினார்கள்.

விசாரித்துப் போன ஊர்

ஹிஜ்ரி 195இல் (கி.பி. 811 வாக்கில்) மீண்டும் பக்தாதுக்கு வந்தார்கள், இம்முறை விருப்பத்தோடு, ஓர் இமாமாக. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்), அபூஸவ்ர் (ரஹ்), ஸஅஃபரானீ (ரஹ்) போன்றவர்கள் சூழ்ந்திருந்தனர். இக்காலத்துச் சட்டக் கருத்துகளே பழைய மத்ஹபு எனப்படும் கதீம். ஆனால் அந்நகரின் நிலை மாறியது. ஹாரூன் ரஷீதின் மக்கள் அமீனும் மஃமூனும் ஆட்சிக்காகப் போரிட்டனர். பக்தாது முற்றுகைக்கு உள்ளாகி, ஹிஜ்ரி 198இல் (கி.பி. 813) அமீன் கொல்லப்பட்டார்.

அவ்வாண்டில் இமாமவர்கள் பக்தாதுக்குத் திரும்பி வந்தும் சில மாதங்களே தங்கினார்கள். நாற்பத்தெட்டு வயது. மதிப்பும் மாணவரும் நிறைந்த தலைநகரை விட்டு எங்கே போவது? எகிப்து என்று முடிவெடுத்தார்கள். அங்கே செல்லுமுன் அந்நாட்டு மக்களைப் பற்றி விசாரித்தார்கள் என்று ஓர் அறிவிப்பு இருக்கிறது. ஒரு சாரார் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்தைப் பற்றி நிற்பவர்கள், மறு சாரார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தைப் பற்றி நிற்பவர்கள் என்று விடை வந்தது. அந்த இரு சாராருக்கும் பயன்படும் ஒன்றைத் தாம் கொண்டு செல்ல முடியும் என்று நம்பிப் புறப்பட்டார்கள்.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். அங்கே எனக்கு என்ன கிடைக்கும் என்பதன்று அவர்கள் விசாரித்தது. அங்குள்ளவர்கள் யார், அவர்களுக்கு என்னால் ஆவது என்ன என்பதே.

எகிப்தின் ஐந்தாண்டுகள்

ஹிஜ்ரி 199 வாக்கில் ஃபுஸ்தாத் நகரை அடைந்தார்கள். இன்று அது கெய்ரோவின் பழைய பகுதி. அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) பள்ளிவாசலில் பாடம் தொடங்கிற்று. ஸுப்ஹுக்குப் பின் குர்ஆன் பயில்வோர், அவர்களுக்குப் பின் ஹதீஸ் கேட்போர், அதன்பின் வாதங்களை ஆராய்வோர், கடைசியில் மொழியும் கவிதையும் கற்போர் என்று முறை வைத்து நண்பகல் வரை அமர்ந்திருப்பார்கள்.

எல்லாம் எளிதாக இருந்ததென்று எண்ண வேண்டாம். தம் ஆசிரியரான மாலிக் (ரஹ்) அவர்களின் சில கருத்துகளை ஆதாரத்தோடு மறுத்தபோது அங்குள்ள மாலிகீகளில் சிலர் மனம் புண்பட்டுக் கடுமையாக எதிர்த்தனர். ஆனால் அதே மாலிகீகளில் ஒருவரான அப்துல்லாஹ் இப்னு அப்துல் ஹகம் (ரஹ்) அவர்களே இமாமவர்களை ஆதரித்து, பொருளாலும் உதவினார்கள். கருத்து வேறுபட்ட அயலூரானுக்கு இடம் கொடுக்கும் இதயம் அந்நாட்டில் இருந்தது.

எகிப்தில் தம் பழைய கருத்துகளை மீண்டும் ஆராய்ந்து பலவற்றை மாற்றினார்கள். இதுவே புதிய மத்ஹபு எனப்படும் ஜதீத். ஊர்ப் பழக்கம் மாறியதால்தான் சட்டம் மாறியது என்று சிலர் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. புதிதாகக் கிடைத்த ஹதீஸ்களும், ஆதாரங்களை மறுபடி எடைபோட்டதுமே பெரிய காரணம். ரிஸாலாவைத் திருத்தி எழுதியதும் இங்கேதான். நம் கையிலுள்ள ரிஸாலா எகிப்தில் எழுதப்பட்டதே. அல்உம்மு என்னும் பெருநூலும் இக்காலத்தின் கனி. புவைத்தீ, முஸனீ, ரபீஉ (ரஹ்) ஆகிய மாணவர்கள் வழியே மத்ஹபு உலகெங்கும் பரவிற்று.

மூல நோயால் இரத்தம் வடிய வடிய எழுதியும் ஓதிக் கொடுத்தும் வந்த இமாமவர்கள், ஹிஜ்ரி 204 ரஜப் மாதத்தின் கடைசியில் (கி.பி. 820 ஜனவரி) இறையடி சேர்ந்தார்கள். அப்துல் ஹகம் குடும்பத்தாரின் அடக்கத்தலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். மாலிகீக் குடும்பத்தின் மண்ணில் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் துயில்கிறார்கள்.

இமாமவர்கள் எழுதிய அளவுகோல்

ஊர் பெயர்வது பற்றி இமாமவர்கள் சட்டமாகவும் எழுதியிருக்கிறார்கள். அல்உம்மில் ஹிஜ்ரத்தின் கடமை பற்றிய பகுதி இருக்கிறது. மார்க்கத்தைப் பின்பற்ற முடியாமல் ஓர் ஊரில் சோதனைக்குள்ளாகிறவர், வெளியேறச் சக்தி பெற்றிருந்தால் வெளியேறுவது கடமை என்பது அதன் சாரம். அத்தகைய சோதனைக்கு அஞ்சாதவர்களுக்கு, இஸ்லாத்தைத் தழுவிய பிறகும் மக்காவிலேயே இருக்க நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் என்று கூறி, அப்பாஸ் (ரலி) அவர்களைச் சான்று காட்டுகிறார்கள். பிற்கால ஷாஃபிஈ அறிஞர்களும் இதே வழியில் விரித்து எழுதினர். ஒருவர் தங்கியிருப்பதால் அங்கே இஸ்லாத்துக்கு நன்மை உண்டாகும் என்றிருந்தால் தங்குவதே மேல் என்றும் அவர்களில் பலர் கூறினர்.

ஓர் ஊரை விட்டுப் போவதற்கே மார்க்கம் அளவுகோல் என்றால், எந்த ஊருக்குப் போவது என்பதற்கு வேறு அளவுகோல் எப்படி இருக்க முடியும்? நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களை முதன்முதலில் அபிசீனியாவுக்கு அனுப்பியபோதும், அந்நாட்டின் செல்வம் காரணமன்று. அங்கிருந்த அரசரின் நீதியே காரணம்.

எனவே அடுத்த முறை நம் வீட்டில் சபர் பேச்சு எழும்போது, சம்பளக் கணக்குக்கு முன் சிலவற்றை விசாரிப்போம். வேலை நேரத்தில் தொழ விடுவார்களா? ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் எட்டும் தூரத்தில் உண்டா? உடன் தங்கப் போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள்? அங்குள்ள சட்டம் ஏழைத் தொழிலாளிக்கும் நீதி வழங்குமா? குடும்பத்தோடு போவதென்றால், நம் பிள்ளைகள் அங்கே யாரைப் பார்த்து வளர்வார்கள்? தனியே போவதென்றால், இங்கே விட்டுச் செல்லும் மனைவிக்கும் பெற்றோருக்கும் உரிய கடமைகளை யார் நிறைவேற்றுவார்கள்? காஸாவிலிருந்து கிளம்பிய அந்தத் தாயார் பிள்ளையின் பசியை அறியாதவர்களல்லர். ஆயினும் அவனுடைய தீனைக் கணக்கில் முதலாவதாக வைத்தார்கள்.

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடலோர ஊர்களுக்கும் இலங்கைக்கும் ஷாஃபிஈ மத்ஹபு கப்பலேறித்தான் வந்தது. வணிகத்துக்கு வந்தவர்கள் சரக்கோடு தொழுகையையும் கொண்டு வந்தார்கள். சம்பாதிக்கப் போகிற இடத்துக்குத் தன் மார்க்கத்தையும் நல்லொழுக்கத்தையும் கொண்டு போகிறவனுக்கு எந்த நாடும் அந்நியமன்று.

வல்ல அல்லாஹ், சபர் செல்லும் நம் மக்களின் ஈமானையும் மானத்தையும் காப்பானாக! அவர்களின் உழைப்பில் பரக்கத் செய்வானாக! நன்மையுள்ள ஊரையே அவர்களுக்குக் காட்டுவானாக! ஆமீன்.