கொதிக்கும் எண்ணெய் தீர்ந்துபோன அந்த இரவு... காயம் ஆற்றக் கத்துக்கொடுத்த ஆம்ப்ருவாஸ் பாரேயின் கதை!

பைக்கில் இருந்து விழுந்து முட்டி சிராய்ச்சிடுச்சுன்னா என்ன பண்ணுவோம்? தண்ணியில கழுவி, மருந்து போட்டு, மேலே ஒரு கட்டு. அவ்வளவுதான். ஆனா, சுமார் 500 வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுல உங்க மேல துப்பாக்கிக் குண்டு பாய்ஞ்சிருந்தா, வைத்தியர் செய்யுற முதல் வேலையே வேற. கொதிக்கக் கொதிக்க எண்ணெயை எடுத்து அந்தக் காயத்துக்குள்ள ஊத்துவாங்க!

இது சித்ரவதை இல்லீங்க... சிகிச்சை! துப்பாக்கி மருந்துல விஷம் இருக்கு, அதை எரிச்சாதான் ஆள் பிழைப்பான்னு பெரிய பெரிய புத்தகங்களே சொல்லிட்டு இருந்த காலம் அது. அந்தப் புத்தகங்கள் தப்புன்னு கண்டுபிடிச்சவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிடையாது. முடிவெட்டும் கடையில வேலை கத்துக்கிட்ட ஒரு பிரெஞ்சு இளைஞர். பெயர், ஆம்ப்ருவாஸ் பாரே.

கத்தரியும் கத்தியும்

1510-ம் ஆண்டு வாக்கில், பிரான்சின் லவால் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர் பாரே. எளிய குடும்பம். அந்தக் காலத்தில் வைத்தியத்திலும் மேல், கீழ் என்ற படிநிலை உண்டு. மேலே இருந்தவங்க பல்கலைக்கழகத்தில் லத்தீனில் படிச்ச மருத்துவர்கள். நோயாளியைப் பார்த்து ஆலோசனை சொல்வாங்க. ரத்தம், சீழ் பக்கம் கை வைக்க மாட்டாங்க. அடுத்து, படிச்ச அறுவை மருத்துவர்கள். கடைசிப் படியில் இருந்தவங்கதான் சவர வைத்தியர்கள். முடி வெட்டுவாங்க, தாடி மழிப்பாங்க, கட்டியைக் கீறுவாங்க, புண்ணுக்குக் கட்டுப் போடுவாங்க. காயம்பட்டவனைத் தொட்டுப் பார்க்கும் கை அவங்களோடதுதான். ஆனா, மரியாதையும் புத்தகமும் மேலே இருப்பவர்களுக்கு!

பாரே அந்தக் கடைசிப் படியில் தொடங்கினார். பாரிஸுக்கு வந்தவர், 'ஓதெல் தியூ' என்ற பெரிய மருத்துவமனையில் சுமார் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தார். ஏழை நோயாளிகளால் நிரம்பி வழியும் இடம் அது. ஒரு கடுங்குளிர் காலத்தில், நான்கு நோயாளிகளுக்கு மூக்கு நுனி உறைந்து அழுகிப்போக, அதை வெட்டி எடுக்கும் வேலை அவர் கைக்கு வந்தது. லத்தீன் வகுப்பில் கிடைக்காத பாடங்கள் எல்லாம் அவருக்கு இங்கே கிடைத்தன.

எண்ணெய் தீர்ந்துபோச்சு!

1537. பிரெஞ்சுப் படை இத்தாலியின் பியட்மான்ட் பகுதிக்குள் நுழைகிறது. படையோடு பாரேவும் போகிறார். முதல் போர்க்களம். துப்பாக்கிக் காயத்தை அதற்கு முன் அவர் நேரில் பார்த்ததே இல்லை.

டூரின் போகும் வழியில் ஒரு தொழுவத்தில், வெடிமருந்தில் கருகிய வீரர்களைப் பார்த்தார். இவர்களைக் காப்பாற்ற வழி இருக்கா என்று ஒரு வயதான சிப்பாய் கேட்டார். இல்லை என்றார் பாரே. அந்தச் சிப்பாய் கோபமே இல்லாமல், அவர்களின் கழுத்தை அறுத்து வேதனையை முடித்துவைத்தார். பாரே அதிர்ந்துபோய்த் திட்டினார். தனக்கு இப்படி ஒரு நிலை வந்தாலும் யாராவது இதையே செய்யணும்னுதான் வேண்டிக்கொள்வேன் என்று பதில் வந்தது. அன்றைய வைத்தியத்தின் நிலை அவ்வளவுதான்.

அடுத்து வந்தது அந்த இரவு. காயம்பட்டவர்கள் குவிகிறார்கள். மற்ற வைத்தியர்களைப் பார்த்து, பாரேவும் எல்டர் மரத்தின் எண்ணெயைக் கொதிக்கவைத்து ஊற்றிக்கொண்டு இருந்தார். பாதியிலேயே எண்ணெய் தீர்ந்துவிட்டது! இன்னும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பென்டைன் மூன்றையும் கலந்து, மீதிப் பேருக்கு அதைத் தடவிக் கட்டுப் போட்டார்.

அன்று இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. எரிக்காமல் விட்டவர்கள் எல்லாம் விஷம் ஏறிச் செத்துக் கிடப்பார்களோ என்ற பயம். விடியும் முன்பே எழுந்து ஓடினார்.

பார்த்தால், கதை தலைகீழ். கலவை தடவியவர்களுக்கு வலி குறைவு; வீக்கம் பெரிதாக இல்லை; ஓரளவு தூங்கியும் இருந்தார்கள். எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள்தான் காய்ச்சலிலும் வலியிலும் துடித்துக்கொண்டு இருந்தார்கள். காயத்தைச் சுற்றி ஒரே வீக்கம். இனி எவனையும் இப்படி எரிப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தார் பாரே. அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகியிருக்காது.

கவனிங்க... எண்ணெய் தீர்ந்தது தற்செயல். ஆனா, விடியற்காலையில போய் ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தது தற்செயல் இல்லை. டூரினில் ஒரு மூதாட்டி, தீக்காயத்துக்கு உப்புப் போட்டு நசுக்கிய வெங்காயம் வைக்கச் சொன்னபோதும் அவர் சிரிக்கவில்லை. வெடிமருந்தில் முகம் வெந்த ஒரு வீரருக்கு, ஒரு பாதியில் வெங்காயம், மறுபாதியில் வழக்கமான மருந்து என்று வைத்துப் பார்த்தார். (வீட்டில் யாரும் வெங்காயத்தைத் தேய்ச்சுப் பார்க்காதீங்க. தீக்காயத்துக்குக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரும் டாக்டரும்தான் சரி.)

அதே பாரே, டூரினில் புகழ்பெற்ற ஒரு வைத்தியரின் ரகசியத் தைலத்துக்காக சுமார் இரண்டு வருஷம் அவர் பின்னால் அலைந்தார். கடைசியில் கிடைத்த ஃபார்முலா, நாய்க்குட்டிகளையும் மண்புழுவையும் எண்ணெயில் போட்டுக் காய்ச்சுவது! பாரே அதையும் நம்பி எழுதிவைத்தார். அவரும் அந்தக் காலத்து மனிதர்தானே.

எல்லாருக்கும் புரியுற மொழியில்...

ஒரு ரகசியத்துக்காக இத்தனை நாள் காத்திருந்தவர், தனக்குத் தெரிந்ததைப் பூட்டிவைக்கவில்லை. பாரிஸ் திரும்பியதும், சில்வியஸ் என்ற பிரபல மருத்துவப் பேராசிரியர் இவரை விருந்துக்கு அழைத்தார். பேச்சைக் கேட்டவர், இதையெல்லாம் எழுது என்று விடாமல் வற்புறுத்தினார். 1545-ல் துப்பாக்கிக் காயங்களுக்கான சிகிச்சை பற்றிய பாரேயின் முதல் புத்தகம் வந்தது. படங்களோடு, பிரெஞ்சு மொழியில்!

இதுதான் பெரிய விஷயம். லத்தீனில் எழுதினால் படிப்பவர்கள் காயத்தைத் தொடாதவர்கள். காயத்தைத் தொடும் சவர வைத்தியனுக்கு லத்தீன் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவன் கைக்கே போய்ச் சேரும்படி, ஊர் பேசும் மொழியில் எழுதினார் பாரே.

1552-ல் தான்வில்லே முற்றுகையில் அடுத்த மாற்றம். கை, காலை வெட்டி எடுத்தால், ரத்தத்தை நிறுத்த அந்த இடத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைப்பதுதான் வழக்கம். பாரேயோ, குண்டடிபட்ட ஓர் அதிகாரியின் காலை எடுத்தபோது, ரத்தக் குழாய்களைத் தேடிப் பிடித்து நூலால் கட்டினார். அந்த மனிதர் மரக்காலோடு சந்தோஷமாக வீடு திரும்பினார். ரத்தக் குழாயைக் கட்டும் முறை பழைய நூல்களிலேயே இருந்தது. அதைக் கை, கால் அகற்றும் சிகிச்சைக்குக் கொண்டுவந்ததுதான் பாரேயின் துணிச்சல். கை இழந்தவர்களுக்காக, ஸ்பிரிங் வைத்து விரல் மடக்கும் இரும்புக் கைகளின் படங்களையும் பிற்பாடு தன் நூலில் வெளியிட்டார்.

விடுதலை வாங்கித் தந்த கால் புண்

1553-ல் எஸ்தாங் கோட்டை எதிரிகளிடம் விழுந்தது. பாரே கைதி. பெரிய ஆள் என்று தெரிந்தால் பெரிய தொகை கேட்பார்கள் என்பதால், ஒரு சிப்பாயோடு உடையை மாற்றிக்கொண்டு ஏழைபோல நின்றார். எதிரிப் படையின் தளபதி ஒருவருக்குப் பல வருஷமாகக் காலில் ஆறாத புண். அதை ஆற்றிவிட்டால் விடுதலை என்று பேச்சு முடிந்தது.

பாரே புண்ணைச் சுத்தம் செய்தார். ஓய்வெடுக்கச் சொன்னார். பாதத்தில் தொடங்கி முழங்கால் வரை இறுக்கிக் கட்டுப் போட்டார். புண் ஆற ஆரம்பித்தது. பாரே காசு கொடுக்காமலே வெளியே வந்தார். சிரை ரத்த ஓட்டக் கோளாறால் காலில் வரும் புண்ணுக்கு, பாதத்தில் இருந்து மேல்நோக்கி அழுத்தக் கட்டுப் போடுவதுதான் இன்றும் முக்கியமான சிகிச்சை!

1569-ல் இன்னொரு நோயாளி. ஃபிளாண்டர்ஸ் பகுதியின் ஒரு பிரபு. தொடையில் குண்டு பாய்ந்து ஏழு மாதமாகப் படுக்கை. தொடை முழுக்கச் சீழ், காய்ச்சல், தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. போதாக்குறைக்குப் பின்பக்கம் உள்ளங்கை அளவுக்குப் படுக்கைப்புண். தொட்டால் வலிக்கிறது என்று விரிப்பைக்கூட மாற்றாமல் விட்டிருந்தார்கள்.

பாரே என்ன செய்தார் தெரியுமா? தொடையைக் கீறிச் சீழை வெளியேற்றி, எலும்புத் துண்டுகளை எடுத்தார். அதோடு நிறுத்தவில்லை. புதுப் படுக்கை, சுத்தமான விரிப்பு. படுக்கைப்புண்ணில் பாரம் அழுத்தாதபடி சின்னத் தலையணை. முட்டை, சூப் என்று தெம்பான சாப்பாடு. தூக்கம் வர, பாத்திரத்தில் தண்ணீரைச் சொட்டவிட்டு மழைச் சத்தம். கொஞ்சம் தேறியதும் வயலின்காரர்களையும், சிரிக்கவைக்க ஒரு விகடகவியையும் வரவழைத்தார். ஒரு மாதம்போல ஆனதும் பிரபு நாற்காலியில் தோட்டத்துக்கு வந்தார். ஊரே கூடி ஆடிப் பாடியது.

புண்ணை மட்டும் பார்க்காதே, ஆளைப் பார். பாரம் ஏறாமல் பார்த்துக்கொள், சத்துள்ள உணவு கொடு, வலியைக் குறை, தூங்கவிடு. பல நாடுகளில் காயப் பராமரிப்புக்கென்றே நர்ஸ்களும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் முதுநிலைப் படிப்புப் படிக்கிறார்கள். படுக்கைப்புண், சர்க்கரை நோயாளிகளின் கால் புண் என்று அவர்கள் படிக்கும் பாடங்களில் இந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் பாரே அதைச் செய்துவிட்டார்.

லத்தீனா, பிரெஞ்சா?

நான்கு மன்னர்களுக்கு அறுவை மருத்துவராக இருந்தார் பாரே. 1554-ல், லத்தீன் சரியாகத் தெரியாமலே, படித்த அறுவை மருத்துவர்களின் சங்கத்திலும் இடம் கிடைத்தது. பலருக்கு அது பொறுக்கவில்லை.

1575-ல் தன் எழுத்துகளை எல்லாம் ஒரே பெரிய நூலாகக் கொண்டுவந்தார். பாரிஸ் மருத்துவப் பீடம் கொதித்தது. ஒரு சவர வைத்தியன் மருத்துவம் பற்றி எழுதுவதா? அதுவும் சாமானியன் படிக்கும் மொழியிலா? புத்தகத்தைத் தடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. ரத்தக் குழாயைக் கட்டும் முறையையும் அந்தப் பீடத்தைச் சேர்ந்த குர்மலன் கிண்டலடித்து எழுதினார். எழுபதைத் தாண்டிய பாரே, 1585-ல் பதில் எழுதினார். எந்த ஊரில், எந்தப் போரில், யாருக்கு, என்ன செய்தேன், என்ன ஆனது என்று வரிசையாக அடுக்கினார். நீங்கள் நாற்காலியில் இருந்தீர்கள், நான் களத்தில் இருந்தேன் என்பதுதான் அதன் சாரம்.

இதில் ஒரு வேடிக்கை. லத்தீன் தெரியாது என்று கேலி செய்யப்பட்டவரின் நூல், 1582-ல் லத்தீனிலேயே மொழிபெயர்க்கப்பட்டது! 1634-ல் ஆங்கிலத்துக்கும் போனது.

1590-ல் பாரிஸ் முற்றுகையில் சிக்கி, ஜனங்கள் பசியில் செத்துக்கொண்டு இருந்தார்கள். எண்பதை ஒட்டிய வயதில் பாரே, தெருவில் ஒரு பேராயரை வழிமறித்து, இந்த ஏழைகளுக்காகச் சமாதானம் பேசுங்கள் என்று மன்றாடினார். சில நாட்களில் முற்றுகை விலகியது. அந்த ஆண்டு டிசம்பர் 20-ம் தேதி பாரே இறந்தார்.

குணமான பெருமையைக் கடைசிவரை அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டதில்லை. கட்டுப் போடுவது தன் வேலை, ஆற்றுவது கடவுள் வேலை என்பதே அவர் எண்ணம்.

அடுத்த தடவை உங்க வீட்டுப் பெரியவரின் கால் புண்ணுக்கு ஒரு நர்ஸ் பொறுமையா கட்டுப் பிரிச்சு, அளந்து, சுத்தம் பண்ணி, சாப்பாடு எப்படின்னு விசாரிச்சா, அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லுங்க. விடியும் முன்னாடி கூடாரத்துக்கு ஓடின அந்தப் பையனையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க!