துப்பாக்கி இல்லாமல் புலி பிடித்தவர்!

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை அறியாதவர் நாமக்கல் சீமையில் உண்டா? அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தியது, புலியைக் கொன்றது, மானை உருட்டியது, பன்றியைச் சாய்த்தது, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பின் உடலில் போய்த் தைத்தது. புறநானூறு சொல்லும் செய்தி இது.

ஓரியின் வில்லாண்மையை வியக்கும் நாம், அந்தப் பாட்டு காட்டும் காட்டையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். யானையும் புலியும் மானும் நிறைந்திருந்த காடு அது. இன்று கொல்லிமலையில் யானையும் இல்லை, புலியும் இல்லை.

வில் போய்த் துப்பாக்கி வந்ததும், நாடெங்கும் புலிக்குக் கெட்ட காலம் பிறந்தது. மகாராஜாக்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் போட்டி போட்டுக்கொண்டு சுட்டார்கள். செத்த புலியின் மேல் காலை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வது அந்நாளில் பெரிய கௌரவம்!

அப்படிப்பட்ட காலத்தில், உயிரோடு நடமாடும் புலியைப் படம் பிடித்தே தீருவது என்று ஒருவர் கிளம்பினார். அவரும் வெள்ளைக்காரர்தான். பெயர், பிரெடரிக் வால்டர் சாம்பியன்.

பூச்சி ஆராய்ச்சியாளர் மகன்

சாம்பியன் 1893-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் சார்லஸ் சாம்பியன் பெயர் பெற்ற பூச்சி ஆராய்ச்சியாளர்; வண்டுகளைத் தேடி மத்திய அமெரிக்கக் காடுகளில் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர். அண்ணன் ஹாரி சாம்பியனும் லேசுப்பட்டவர் அல்ல. இந்தியக் காடுகளை வகை பிரித்து 1936-ல் அவர் எழுதிய நூல், நம் நாட்டுக் காட்டு இலாகாவினருக்குப் பாடமாக அமைந்தது.

1913-ல் இளைஞர் சாம்பியன் இந்தியாவுக்கு வந்தார். கிழக்கு வங்காளத்தில் போலீஸ் உத்தியோகம் கிடைத்தது. முதல் உலகப் போரின்போது பட்டாளத்தில் சேர்ந்தார். பிறகு காட்டு இலாகாவுக்கு வந்தார். அப்போது ஐக்கிய மாகாணம் என்று வழங்கிய பகுதியில், இமயத்தின் அடிவாரத்திலுள்ள சிவாலிக் மலைக்காடுகளில் அவருக்கு வேலை.

காட்டு அதிகாரி என்றால் வேட்டையாட வேண்டும் என்பது அந்நாள் சம்பிரதாயம். சாம்பியனுக்கோ வேட்டை பிடிக்கவில்லை. யானை மீது ஏறிக்கொண்டு, காமிராவும் கையுமாகக் காட்டைச் சுற்றினார். ஆனால், புலி பெரும்பாலும் இரவில் உலவும் பிராணி ஆயிற்றே! இருட்டில் அதைப் படம் பிடிப்பது எப்படி?

தன்னைத் தானே படம் எடுத்த புலி

அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் இதற்கு முன்பே ஒரு வழி கண்டிருந்தார். கயிறு கட்டி, காட்டு விலங்குகளே காமிராவை இயக்கும்படி செய்தவர் அவர். அவர் எடுத்த 74 படங்களை 1906-ல் நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகை வெளியிட்டது. அந்த யுக்தியைச் சாம்பியன் புலிக்குப் பயன்படுத்தினார்.

புலிக்குப் பழகிய வழிகள் உண்டு. மணலில் பதிந்த காலடியைப் பார்த்து அந்த வழியைக் கண்டுகொள்வார். வழிக்குக் குறுக்கே, கண்ணில் படாதவாறு மெல்லிய கம்பியைக் கட்டுவார். ஓரமாகக் காமிராவையும் மக்னீசியப் பொடி விளக்கையும் மறைத்து வைப்பார். பிறகு வீட்டுக்குப் போய்விடுவார்.

நள்ளிரவில் புலி வரும். அதன் கால் கம்பியில் படும். உடனே பொடி பற்றிக்கொண்டு பளீரென்று வெளிச்சம் பாயும். அந்தக் கண நேரத்தில் படம் பதிந்துவிடும். பக்கத்தில் மனிதர் எவரும் இல்லை. புலி தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டு போய்விடும்!

சொல்வதற்கு இது எளிது. செய்வதற்கு மலை போன்ற பொறுமை வேண்டும். ஓர் இரவுக்கு ஒரு காமிராவில் ஒரே படம். புலிக்கு முன்னால் வேறு ஏதேனும் பிராணி வந்து கம்பியில் இடறிவிட்டால் அன்றையப் பாடு வீண். பொடி நமுத்துப் போனாலும் வீண். கண்ணாடித் தகட்டைக் கழுவிப் பார்க்கும் வரையில், சிக்கியது புலியா, மானா என்று தெரியாது.

சாம்பியன் சளைக்கவில்லை. பல ஆண்டு உழைப்புக்குப் பலன் கிடைத்தது. 1925-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி, இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ் பத்திரிகையின் முதல் பக்கத்தை அவருடைய புலிப் படம் அலங்கரித்தது. புலி நாட்டில் காமிராவுடன் என்று பொருள்படும் அவருடைய நூல் 1927-ல் வந்தது. 1934-ல் இன்னொரு நூலும் வெளியாயிற்று. புலி மட்டுமல்ல, சிறுத்தை, கரடி ஆகியவையும் அவருடைய கம்பியில் சிக்கின.

கோடுதான் கைரேகை

படங்களை அருகருகே வைத்துப் பார்த்த சாம்பியனுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. ஒரு புலிக்கு உள்ள கோடுகள் மற்றொரு புலிக்கு இல்லை! ஆகவே, கோடுகளைக் கொண்டே இது இன்ன புலி என்று சொல்லிவிடலாம்.

உலகின் முதல் கைரேகை நிலையம் 1897-ல் கல்கத்தாவில் ஏற்பட்டது. அந்த வங்காளத்தில் போலீஸ் வேலை பார்த்தவர், புலியின் உடம்பிலேயே கைரேகை போன்ற அடையாளம் இருப்பதைக் கண்டறிந்தது பொருத்தம்தானே!

அவர் படத்தோடு நின்றுவிடவில்லை. துப்பாக்கி லைசென்சுகளைக் கட்டுப்படுத்த வேண்டும், காட்டுக்குள் மோட்டார் வண்டிகளை விடக்கூடாது, விலங்குகளைக் கொல்வதற்குக் கொடுக்கும் வெகுமதியைக் குறைக்க வேண்டும் என்றெல்லாம் வாதாடினார். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் புகழ் பெற்ற ஜிம் கார்பெட், சாம்பியனின் படங்களைக் கண்டே காமிராவின் பக்கம் திரும்பினார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அப்பகுதியில் உருவாயிற்று. இன்று அது கார்பெட் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1947-ல் சாம்பியன் இந்தியாவை விட்டுப் புறப்பட்டுக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். 1970-ல் காலமானார்.

மறந்த பாடம்

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1972-ல், நாடெங்கும் புலிகளைக் கணக்கெடுத்தார்கள். 1,827 புலிகள் என்று கணக்கு வந்தது. எப்படி எண்ணினார்கள்? காலடித் தடத்தைப் பார்த்து! ஒரே புலியின் காலடி மணலில் ஒரு மாதிரி பதியும். சேற்றில் வேறு மாதிரி பதியும். ஒரு புலியை இரண்டாக எண்ணவும் இடம் உண்டு. சாம்பியன் கண்ட கோடுகளை அப்போது யாரும் நினைக்கவில்லை.

அதன் விளைவு 2005-ல் தெரிந்தது. ராஜஸ்தானத்தின் சரிஸ்கா காட்டில், ஏட்டில் புலிகள் இருந்தன. காட்டில் ஒன்றுகூட இல்லை! கள்ள வேட்டைக்காரர்கள் தீர்த்துக்கட்டிவிட்டார்கள். தப்புக் கணக்கு, திருடர்களுக்குத் திரையாக இருந்தது.

இதற்கிடையே கர்நாடகத்தின் நாகரகொளேக் காட்டில், உல்லாஸ் காரந்த் என்ற விஞ்ஞானி, 1990-களில் சாம்பியனின் வழியைப் புதுப்பித்தார். தடத்தின் இருபுறமும் தானியங்கிக் காமிராக்களை வைத்தார். புலியின் இடப்பக்கக் கோடு வேறு, வலப்பக்கக் கோடு வேறு அல்லவா?

கணக்கு இப்படி: முதல் தடவை 10 புலிகள் படத்தில் விழுகின்றன. மறு தடவையும் 10 விழுகின்றன. அவற்றில் 5 பழைய புலிகள். அப்படியானால் காட்டில் சுமார் 20 புலிகள் உண்டு என்று ஊகிக்கலாம். கோடுகளைக் கொண்டு பழைய புலியை அடையாளம் காண முடிவதால்தான் இந்தக் கணக்கே நடக்கிறது.

2006 முதல் நாடு தழுவிய கணக்கெடுப்பில் காமிராவுக்கு முக்கிய இடம் கிடைத்தது. கம்பிக்குப் பதிலாக, விலங்கின் உடல் சூட்டை உணர்ந்து இயங்கும் காமிராக்கள் வந்தன. 2018-ல் 26,838 இடங்களில் அவற்றை வைத்தார்கள். விழுந்த படங்கள் சுமார் 3 கோடியே 48 லட்சம். அவற்றில் புலிப் படம் 76,651.

2006-ல் இந்தியாவில் 1,411 புலிகள்; 2022-ல் 3,682. தமிழ்நாட்டில் 76 ஆக இருந்தது 306 ஆயிற்று. முதுமலையிலும் ஆனைமலையிலும், நாமக்கல்லுக்கு அடுத்த ஈரோடு மாவட்டத்துச் சத்தியமங்கலம் மலையிலும் இரவெல்லாம் இந்தக் காமிராக்கள் கண் விழித்திருக்கின்றன.

ஓரியின் அம்பு ஐந்து உயிர்களைத் துளைத்தது. சாம்பியனின் கம்பியை இடறிய புலியோ, மறுநாளும் காட்டில் உலவியது. கொல்லிமலை இழந்த செல்வம் மற்ற மலைகளில் மிஞ்ச வேண்டுமானால், எத்தனை மிஞ்சியிருக்கிறது என்ற உண்மைக் கணக்கு முதலில் வேண்டும். அந்தக் கணக்குக்கு அடி எடுத்துக் கொடுத்தவர், சுட மறுத்த அந்தக் காட்டு அதிகாரியே!